உன் பெயருக்கு வந்த முதல் ஃபைன்

அன்பு மச்சான் பாலனுக்கு,

நீ போய் நாற்பது நாளாகிறது. உன் பெயருக்கு ஒரு ஃபைன் வந்திருக்கிறது. சிரிக்காதே, உண்மையாகத்தான் சொல்கிறேன். பள்ளிக்கூட நேரத்தில் நாற்பதில் போகவேண்டிய இடத்தில் உன் கார் ஐம்பத்தெட்டில் போயிருக்கிறது. கமரா எடுத்த படத்தில் இலக்கத் தகடு துலக்கமாகத் தெரிகிறது. ஓட்டியவர் முகம் தெரியவில்லை.

பதினைந்து வருடம் சிட்னியில் கார் ஓட்டி விதி மீறினால் லைசன்ஸில் வெட்டும் புள்ளிகளில் ஒன்றைக்கூடப் பறிகொடுக்காத மனிதன் நீ. உனக்கு, செத்த பிறகு ஃபைன். இதை யாரிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்று யோசித்தால் உன் முகம்தான் முதலில் வருகிறது.

நீ ஓட்டும் விதம் எங்கள் குடும்பத்துக்கே பகிடி. டூங்கபியில் நம் தெருமுனையில் ஸ்டொப் பலகை இருக்கிறதல்லவா, அங்கே எல்லோரும் மெல்ல உருட்டிக்கொண்டே திரும்பிவிடுவார்கள். நீ மட்டும் சில்லு அசையாமல் நிற்பாய். பின்னால் வருகிறவன் ஹோர்ன் அடிப்பான். எனக்குக் காது சுடும். நீ ரேடியோவைக் கூட்டிக் குறைத்துக்கொண்டு இருப்பாய்.

"ஒருத்தரும் இல்லையே மச்சான், ஏன் நிக்கிறாய்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒருத்தரும் இல்லையெண்டு நிண்டு பாத்தால்தானே தெரியும்" என்றாய்.

அதற்குமேல் நீ விளக்கம் சொல்லவில்லை. நானாகத்தான் காரணம் தேடினேன். முதலில் பயம் என்று நினைத்தேன். நீ தற்காலிக விசாவில் இருந்த காலத்தில், ஒரு ஃபைன் வந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நம்மவர்கள் கதைத்துக்கொள்வார்கள். சரி, பாவம், பயப்படுகிறான் என்று விட்டேன். பிறகு குடியுரிமை கிடைத்தது. அடுத்த நாள் மிதிப்பாய் என்று பார்த்தால் அதே ஐம்பது. அப்படியென்றால் பெருமையா? உன் லைசன்ஸ் சுத்தமாக இருப்பதைப் பற்றி நீ எங்கும் வாய் திறந்ததில்லை. பின்னால் பத்துக் கார் வரிசையாக வருவதில் ஒரு சந்தோசமா? அதைக் கேட்கத்தான் நினைத்திருந்தேன். கேட்காமல் விட்டுவிட்டேன்.

என் கதை உனக்குத் தெரியும். நான் கூரியர் வான் ஓட்டுகிறவன். நாலு வருடத்துக்கு முன் என் புள்ளிகள் எல்லாம் போய், இன்னும் ஒரு ஃபைன் வந்தால் லைசன்ஸ் பறிபோகும் என்ற நிலை. வந்தது. உன்னிடம் ஓடிவந்தேன்.

"உன்ர லைசன்ஸில ஒண்டும் போகேல்லைத்தானே. இதை உன்ர பேரில போடு மச்சான். நீதான் ஓடினதெண்டு ஒரு ஃபோர்ம் நிரப்பினால் சரி."

நான் ஒன்றும் புதிதாகக் கேட்கவில்லை. நம்மவர்கள் வீடுகளில் இது நடக்கிறதுதான். கெல்லிவில்லில் ஒரு அன்ரி இருக்கிறா. சொந்த வாசலில் இருந்து காரை ரிவேர்ஸ் எடுக்கப் பக்கத்து வீட்டுப் பெடியனைக் கூப்பிடுவா. ஆனால் அரசாங்கத்தின் கணக்கில் அவ மோட்டர்வேயில் நூற்று முப்பதில் பறந்தவ. எல்லாம் மகனுடைய வேகம்.

நீ மாட்டேன் என்றாய். ஒரே சொல். நான் உன்னைப் பெரிய நீதவான் என்றேன், பயந்தாங்கொள்ளி என்றேன். மூன்று மாதம் வேலையில்லாமல் வீட்டில் இருந்தேன். அந்த மூன்று மாதமும் உன்னோடு கதைக்கவில்லை. அதில் ஒரு நாளைக்கூட இப்போது திருப்பி வாங்க முடியாது, பாலன்.

இனி ஃபைனுக்கு வருகிறேன்.

கடிதத்தை உடைத்தது உன் மனுசி வதனி. என் தங்கச்சி உன் பெயருக்கு வரும் கடிதங்களை எல்லாம் குசினி மேசையில் வைத்து ஒவ்வொன்றாக உடைக்கிறாள். எனக்குப் போன் எடுத்தாள். குரல் சரியில்லை.

"அண்ணா, இவர் ஐம்பத்தெட்டில ஓடியிருக்கிறார். திங்கட்கிழமை காலமை. வியாழக்கிழமை மாரடைப்பில போயிட்டார். அண்டைக்கே இவருக்கு நெஞ்சு நொந்திருக்குமோ? ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் விரைஞ்சவரோ? பிறகு எனக்குச் சொன்னால் பயந்திடுவன் எண்டு திரும்பி வந்திட்டாரோ? நான் வெள்ளன வேலைக்குப் போயிட்டன். முகத்தைக்கூடப் பாக்கேல்லை."

பிறகு எடுக்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். ஏனென்றால் அந்தத் திங்கட்கிழமை உன் காரை ஓட்டியது நீ அல்ல. என் மகள் தாரணி. அவளுடைய காரில் பற்றரி இறங்கிவிட்டது. வெஸ்ட்மீட்டில் நர்சிங் பயிற்சிக்கு நேரமாகிவிட்டது என்று உன்னிடம் வந்தாள். நீ கார்த் திறப்பைக் கொடுத்துவிட்டு வேலைக்கு ட்ரெயினில் போனாய். அவள் என்னிடம் கார் பழகியவள் என்று உனக்குத் தெரியாதா? தெரிந்துமா கொடுத்தாய்?

தாரணி இன்னும் சிவப்பு 'பி' அட்டையில் ஓட்டுகிறவள். புது ஓட்டுநர்களுக்கு ஒரே ஒரு வேக ஃபைன் போதும், குறைந்தது மூன்று மாதம் லைசன்ஸ் இல்லை. பயிற்சியோ பல நாட்களில் விடியற்காலையில் தொடங்குவது. வீட்டில் கதைத்தோம். என் மனுசி மெதுவாகச் சொன்னாள்: "நாங்கள் பொய் ஒண்டும் சொல்லத் தேவையில்லை. சும்மா இருந்தால் போதும். கார் பாலன் அண்ணையின்ர பேரில. ஃபைனைக் கட்டிவிட்டால் முடிஞ்சுது. அவருக்கு இனிப் புள்ளி போனால் என்ன?"

உண்மையைச் சொல்கிறேன், மச்சான். எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. உயிரோடு நீ மறுத்ததை, நீ செத்த பிறகு உன் தலையில் கட்டிவிடலாம். மறுக்க நீ இல்லை.

மூன்று நாள் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த மூன்று நாளும் ஒரு விசித்திரமான வேலை செய்தேன். உன்னைப்போல் ஓட்டிப் பார்த்தேன். நீ என்ன கண்டாய் என்று அறிய ஆசை. ஐம்பது என்றால் ஐம்பது, ஸ்டொப் என்றால் ஸ்டொப். முதல் நாள் ஒருவன் என்னை முந்திக்கொண்டு போகும்போது கண்ணாடியை இறக்கிக் கெட்ட வார்த்தை சொன்னான். ஒரு கிழவிகூடக் கையை விரித்துக் காட்டினாள். பின்னால் லொறி ஒட்டிக்கொண்டு வந்தபோது என் கால் தானாக அழுத்தியது. எழுபது வந்த பிறகுதான் பார்த்தேன்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பயந்தவன் நீ இல்லை, நான். பின்னால் வருகிறவன் என்ன நினைப்பானோ என்று இருபது வருடமாக மிதித்துக்கொண்டிருந்தவன் நான்தான். உனக்கு அந்தக் கூச்சம் எப்படி இல்லாமல் போனது? பிறவியிலேயே இல்லையா, அல்லது ஒவ்வொரு ஸ்டொப் பலகையாகப் பழகினாயா? இது எனக்கு இன்னும் தெரியவில்லை.

நாலாம் நாள் தாரணியிடம் வதனி சொன்னதைச் சொன்னேன். ஃபைனைப் பற்றியோ லைசன்ஸைப் பற்றியோ கதைக்கவில்லை. மாமி என்ன நினைத்துக்கொண்டு படுக்கிறாள் என்பதை மட்டும் சொன்னேன்.

"ஷீ திங்க்ஸ் தட்?" என்றாள் பிள்ளை. சப்பாத்தைத் தேடினாள். "இப்பவே போவம் அப்பா."

வதனி குசினியில் நின்றாள். தாரணி கதவடியிலேயே சொல்லிவிட்டாள்.

"மாமி, அண்டைக்கு நான்தான் ஓடினனான். சொறி மாமி."

வதனி கோபப்படுவாள் என்று நான் தயாராக நின்றேன். அவள் கேட்டது வேறு.

"அப்ப இவர் காரிலேயே இல்லையோ?"

"இல்லை மாமி. மாமா திறப்பைத் தந்திட்டு ஸ்டேஷனுக்கு நடந்து போனவர்."

"நல்லாத்தான் இருந்தவரோ?"

"நல்லாத்தான் இருந்தவர். 'ஆறுதலாப் போ பிள்ளை' எண்டவர். நான்தான் கேக்கேல்லை."

"என்ன சேட்டு போட்டிருந்தவர்?"

"நீலம். கை மடிச்சு விட்டிருந்தவர். தெருவைத் தாண்டேக்கை எனக்குக் கை காட்டினவர். சிரிச்சவர்."

வதனி கதிரையை இழுத்து இருந்தாள். நீலச் சேட்டா என்று மறுபடியும் கேட்டாள். தாரணி மறுபடியும் சொன்னாள். மூன்றாம் தரம் கேட்டபோது இரண்டு பேரும் அழுதுகொண்டிருந்தார்கள். தான் பார்க்காமல் போன அந்தத் திங்கட்கிழமைக் காலையை அவள் இப்போதுதான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சும்மா இருந்திருந்தால் அது அவளுக்குக் கிடைத்திருக்காது.

ஓட்டியது என் மகள் என்று வதனியின் மேசையில் இருந்தே ஃபோர்ம் நிரப்பி அனுப்பிவிட்டேன். தாரணி ட்ரெயின் நேரங்களைப் போனில் பார்த்து முணுமுணுத்துக்கொண்டு இருக்கிறாள். கெல்லிவில் அன்ரியின் மகன் நான் ஒரு விசரன் என்று சொன்னானாம். சொல்லட்டும்.

உன் லைசன்ஸ் அட்டையை அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று வதனி சொல்கிறாள். தனியாகப் போக அவளுக்கு மனம் வரவில்லை. வருகிற செவ்வாய்க்கிழமை நான் கூட்டிக்கொண்டு போகிறேன். ஒரு புள்ளியும் போகாத லைசன்ஸாகவே அதைக் கொடுப்போம், பாலன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

என்றும் உன்,
மச்சான் ரவி