வீட்டுச் சொட்டு

அம்மாவுக்கு உன் மகன் வணக்கத்துடன் எழுதுவது. முட்டிவலி எப்படி இருக்கிறது? நான் நன்றாக இருக்கிறேன். எந்திரக் கைகளுக்குத் தோல் மாற்றும் அதே வேலைதான்.

லீவு கிடைத்தும் ஏன் வரவில்லை என்று கேட்டிருந்தாய். சிரிக்காதே. போன வாரம் பெட்டியோடு பஸ் ஏறத்தான் போனேன். பஸ் வர நேரமானதால் வீட்டுச் சொட்டை நாக்கில் விட்டுக்கொண்டேன். வேலை முடிந்ததும் எல்லோருக்கும் கம்பெனியே கொடுக்கிற மருந்துதான். விட்டதும் நம் வாசலில் செருப்பைக் கழற்றிய மாதிரி இருக்கும். நீ தட்டு வைப்பாய். கண் திறந்தபோது பஸ் வந்து நின்றது. எனக்கோ ஊருக்குப் போய்த் திரும்பிய அலுப்பு. அறைக்கே வந்துவிட்டேன்.

"என்னப்பா, அதுக்குள்ள போயிட்டு வந்துட்டியா?" என்றார் என்னோடு அறையில் தங்கியிருக்கும் அண்ணன் ஒருவர். அவரும் இப்படிப் பல தடவை திரும்பியவர்தான்.

"அம்மா நல்லா இருக்காங்கண்ணே" என்றேன்.

இங்கே பூட்டு கிடையாது அம்மா. கேட் திறந்தேதான் கிடக்கிறது.

ஒரு நாள் சொட்டு விடாமல் இருந்து பார்த்தேன். கை நடுங்கித் தோல் கிழிந்துவிட்டது. பயப்படாதே, எந்திரத்தின் தோல்தான்.

எனக்கு ஒரு உதவி செய். சொட்டில் வருகிற நீ திட்டுவதே இல்லை. எவ்வளவு தாமதமாக வந்தாலும் சிரிக்கிறாய். அதனால் என்னை நன்றாகத் திட்டி ஒரு கடிதம் எழுது. பஸ் வரும்வரை அதையே படித்துக்கொண்டு நிற்பேன்.

சொட்டு வாங்கும் வரிசையில் என் முறை வந்துவிட்டது. வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன்.