தூரமோ என்று மட்டும் கேட்டேன்

என் அன்புக்கும் கோபத்துக்கும் உரிய அத்தான்,

உங்கள் ஆண்டுத்திவசத்துக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. அக்கா நினைவு மலர் அடிக்கிறார். அட்டையில் நீங்கள் கோட் போட்டு நிற்கும் படம், உள்ளே தேவாரம், பிறகு பிள்ளைகள் எழுதியது, கடைசியாக என் கடிதம். "நீதான் கடைசியா அவரோட நிண்டனி. நீ எழுதினாத்தான் சரி" என்று சொல்லிவிட்டார். திங்கட்கிழமைக்குள் அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். இதுவரை நான்கு கடிதங்கள் எழுதிக் கிழித்துவிட்டேன். நான்கிலும் நீங்கள் நல்லவர், நானும் நல்லவன்.

உங்கள் வாய் பொல்லாத வாய் அத்தான். செத்துப்போனார் என்பதற்காக அதை மறைக்க மாட்டேன். பண்டகசாலை வேலை போய் நான் எட்டு மாதம் வீட்டில் இருந்தபோது, உங்கள் மகளின் பிறந்தநாளில் இருபது பேருக்கு முன்னால் என்னை "வீட்டுக்காவல் உத்தியோகத்தர்" என்று அறிமுகப்படுத்தினீர்கள். கோடைக்கு வடக்கே காட்டுச் சுற்றுலா வழிகாட்டி வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னேன். "எந்த வடக்கு? ஊரில ஒரு வடக்கில இருந்து கலைபட்டு வந்தது காணாதோ?" என்றீர்கள். அதோடு விட்டீர்களா? "ஸ்காபரோவில பஸ் மாறி ஏறுறவன் காட்டுக்கு வழி காட்டப் போறானாம்" என்றீர்கள். அக்கா கூடச் சிரித்தார்.

ஆனால் எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. நாற்பத்தெட்டு வயதில் முதல் தரமாக ஒரு வேலை பிடித்திருந்தது. எங்கள் ஆட்களைப் பன்னிரண்டு பேராக வான் வண்டியில் ஏற்றி, ஏழு மணித்தியாலம் வடக்கே ஓடி, ஏரிக்கரையில் நான்கு நாள் கூடாரம் அடித்து வைத்திருக்கும் சின்னக் கம்பனி. சமைப்பது, வள்ளத்தில் ஏற்றுவது, கரடி வந்தால் என்ன செய்வது என்று சொல்லிக் கொடுப்பது எல்லாம் நான். எனக்கு மேலே டானா என்ற தலைமை வழிகாட்டி. அந்த ஊரிலேயே பிறந்த பெண், அதிகம் பேசமாட்டாள். அங்கே ஒருவரும் என்னை வேலையில்லாதவன் என்று பார்க்கவில்லை.

டானாவிடம் ஒரு கொப்பி இருந்தது. சமையல் கூடாரத்து மேசையில் கிடக்கும். முகாமை விட்டு யார் நகர்ந்தாலும் பெயர், போகும் பக்கம், திரும்பும் நேரம் மூன்றையும் எழுத வேண்டும். எழுதாமல் போகிறவரைக் கண்டால் நாங்கள் கேட்டு எழுத வேண்டும். மலசலகூடத்துக்குப் போனாலும் கேள் என்று முதல் நாளே சொல்லியிருந்தாள்.

இடைக்கிடை சேர்ந்து வரும் வெள்ளைக்காரரிடம் கேட்க எனக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை. எங்கள் ஆட்களிடம்தான் வாய் வரவில்லை. வெளிக்கிடுகிற மனிதனைப் பார்த்து எங்கே போகிறாய் என்று கேட்டால் போகிற காரியம் பிழைத்துவிடும் என்று வாயில் அடித்து வளர்த்தவர்கள் அல்லவா எங்களை? கேட்கத்தான் வேண்டுமென்றால் தூரமோ என்று கேட்கலாம். கேட்டாலும் பதில் "உதில", இந்தா பக்கத்தில், என்றுதான் வரும். அதனால் எங்கள் ஆட்களுடைய வரிகளை நானே குத்துமதிப்பாக நிரப்பி வந்தேன். ஏழு கிழமை அப்படியே ஓடியது. டானாவுக்குத் தெரியாது.

எட்டாவது கிழமை நீங்கள் வந்தீர்கள். மச்சான் என்ன கூத்தாடுகிறான் என்று பார்க்க வேண்டுமாம். உங்கள் மோர்னிங்சைட் அப்பார்ட்மென்ற் வாசலில் வானை நிறுத்திவிட்டு மேலே வந்தபோது நீங்களும் அக்காவும் சண்டை. அவருடைய முழங்கால் ஊசிக்கு அந்தக் கிழமை நாள் கொடுத்திருந்தார்கள், நீங்கள் மறந்துவிட்டீர்கள். தேநீர்ப் போத்தலைக் கையில் திணித்து, "எனக்கு ஒருத்தரும் வேண்டாம். போய்த் துலையுங்கோ" என்றார் அக்கா. நாற்பது வருடமாக மாதம் இரண்டு தரமாவது அவர் உங்களுக்குச் சொன்ன வசனம். நீங்கள் வானில் ஏறி, முன் ஆசனத்தில் இருந்து, பகிடி விடத் தொடங்கிவிட்டீர்கள்.

போன உடனே கொப்பியைக் கண்டு, "உதென்ன, செத்த வீட்டில கையெழுத்து வைக்கிற புத்தகமோ?" என்றீர்கள். முழு முகாமும் சிரித்தது. அதற்குப் பிறகு ஒருவரும் அதில் எழுதவில்லை.

இரண்டாம் நாள் மதியம், சாப்பாட்டுக்குப் பிறகு, மேட்டுப் பாறைகளில் காட்டுப் புளூபெரி பழுத்துக் கிடக்கிறது, நாளைக்கு எல்லோரையும் கூட்டிப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். "பழம் எது, முயல் புழுக்கை எது எண்டு இவனுக்குத் தெரியுமோ எண்டு முதல்ல கேளுங்கோ" என்றீர்கள். ஒரு சின்னப் பிள்ளை சிரித்துச் சிரித்துப் புரைக்கேறிப்போனது. நான் சட்டி பானைகளைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டேன்.

மற்றவர்கள் குளிக்க இறங்குதுறைக்குப் போனார்கள். நான் தனியாகக் கழுவிக்கொண்டிருந்தேன். நீங்கள் சப்பாத்துப் போட்டு, சமையல் கூடாரத்து வெறும் தயிர் வாளி ஒன்றைக் கையில் பிடித்தபடி என்னைக் கடந்து மேட்டுப் பாதைப் பக்கம் போனீர்கள். கையில் வாளியோடு பற்றைக்குள் போகும் எங்கள் ஊர் மனிதனைக் கண்டால் யாருக்கு என்ன தோன்றும்? முகாமில் மலசலகூடம் இருக்கிறது, இந்த மனிதனுக்கு அது பிடிக்கவில்லையாக்கும் என்று நினைத்தேன்.

"தூரமோ?" என்றேன்.

"கிட்டத்தான். நீ உன்ர சட்டியைத் தேய்" என்றீர்கள்.

வழக்கத்தின் மேல் பழியைப் போட்டு நான் தப்பலாம். ஒரு வருடமாக எனக்குள் அப்படித்தான் சொல்லி வந்தேன். உண்மை வேறு. உங்கள் முதுகைப் பார்த்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒரு அரை மணித்தியாலமாவது உங்கள் வாய் இல்லாமல் இருக்கலாம் என்று சந்தோசப்பட்டேன்.

நாலு மணித் தேநீருக்கு நீங்கள் வரவில்லை. மலசலகூடத்துப் பின்பக்கம் போய்க் கூப்பிட்டுப் பார்த்தேன். ஐந்து மணிக்கு டானா கொப்பியைத் திறந்தாள். உங்கள் பெயருக்கு நேரே ஒன்றுமில்லை. உங்களோடு எனக்கு இருந்த கோபத்தில் அன்றைக்கு நான் குத்துமதிப்பாகக்கூட எழுதவில்லை. அவர் போனதை நீ கண்டாயா என்று கேட்டாள். கண்டேன் என்றால் ஏன் எழுதவில்லை என்று கேட்பாள். பிறகு பழைய பக்கங்களைப் புரட்டுவாள். அந்த வேலை போய்விடும், நான் திரும்பவும் உங்கள் வீட்டுக் கொண்டாட்டங்களில் மூலையில் நிற்க வேண்டும்.

"நோ" என்றேன்.

உங்கள் செருப்புச் சோடி இறங்குதுறையில் கிடந்தது. காலையில் குளித்துவிட்டு விட்டுப்போனவை. மற்றவர்கள் கரையேறிய பிறகு நீங்கள் தனியே தண்ணீரில் இறங்கிவிட்டீர்கள் என்று டானா முடிவு கட்டினாள். செய்மதித் தொலைபேசியை எடுத்துப் பொலிசைக் கூப்பிட்டாள். படகுகள் வந்தன. அடுத்த நாள் சுழியோடிகள் வந்தார்கள். ஏரியின் அடியில் கயிறு கட்டித் தேடினார்கள். நீங்கள் தண்ணீருக்குள் இல்லை என்று அந்தக் கரையில் தெரிந்த ஒரே ஆள் நான். நான் அவர்களுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

சும்மா நிற்கவில்லை அத்தான், அதையும் சொல்கிறேன். ஒருவருக்கும் தெரியாமல் இரண்டு தரம் அந்தப் பாதையில் ஏறினேன். தொண்டை கிழியக் கூப்பிட்டேன். பாதை பிரியும் இடத்தில் இரண்டு தரமும் இடப்பக்கம் போனேன். கண்டுபிடித்துவிட்டால் என் பொய் தானாகச் செத்துப்போகும் என்ற கணக்கு. நான் தனியாகப் போகாமல் தேட வந்த முப்பது பேரையும் கூட்டிக்கொண்டு போயிருந்தால் வலப்பக்கமும் பார்த்திருப்போம். அதற்கு நான் ஒரு சொல்லை மாற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. தேடலின் இரண்டாம் நாள் பின்னேரம், மேட்டையும் ஒருக்கால் பார்த்தால் என்ன என்று டானாவிடம் கேட்டேன். நாளைக்கு மோப்ப நாய் வருகிறது என்றாள். அப்போதும் நான் கண்டதைச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காலை நாய் வந்தது. இருபது நிமிடத்தில் உங்களிடம் போய் நின்றது. பாறை வெடிப்பில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருந்தது. முதல் இரவும் அடுத்த பகலும் உயிர் இருந்திருக்கலாம் என்று பொலிஸ்காரர் மெதுவாகச் சொன்னார். படகுகளின் இரைச்சல் உங்களுக்குக் கேட்டிருக்குமா? என்னைத்தான் தேடுகிறார்கள், எப்படியும் வருவார்கள், மச்சான் கண்டவன்தானே, சொல்லியிருப்பான் என்று நினைத்துக்கொண்டு கிடந்தீர்களா?

குடும்பத்து ஆள் என்று உங்கள் பொருட்களை என்னிடம் தந்தார்கள். கைக்கடிகாரம், கண்ணாடி, தயிர் வாளி. வாளி உங்கள் கைக்கு எட்டாத இடத்தில் உருண்டு கிடந்ததாம். மூடி இறுக்கியிருந்தது. உள்ளே முக்கால்வாசிக்குப் புளூபெரி. உங்களுக்கு அந்தப் பழத்தைக் கண்ணில் காட்டக்கூடாது. அக்காதான் ஒவ்வொரு காலையும் குளிசையோடு ஒரு கை அள்ளிச் சாப்பிடுகிறவர்.

கடிகாரத்தையும் கண்ணாடியையும் அக்காவிடம் கொடுத்தேன். வாளியை வரும் வழியில் பெற்றோல் நிலையத்துக் குப்பைத்தொட்டியில் போட்டேன். அக்கா அதைக் கண்டால், உது எங்கத்தைய வாளி, அவர் எடுக்கேக்க ஆர் நிண்டது என்று கேட்பார். அங்கே நின்றது நான்.

இனி இங்கத்தைய புதினம் சொல்கிறேன். வோபர்னில் மரக்கறிக் கடை வரிசையில் நின்று ஒரு அங்கிள் சொன்னார், நான் பின்னால் நிற்பது தெரியாமல்: "மனுசி வாசலில நிண்டு ஏசினதாம். மனுசன் ரோசத்தில போய் முடிச்சுக்கொண்டார்." அக்காவின் காதுக்கு இது போகவில்லை. போகத் தேவையும் இல்லை. செத்த வீடு முடிந்த மூன்றாம் நாளே அவர் என்னிடம் கேட்டார்: "நான் சொன்னதுக்குத்தானே தம்பி அவர் துலைஞ்சு போனவர்?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உப்பிடி யோசிக்காதேங்கோ அக்கா." அவ்வளவுதான். சாகப் போகிற மனிதன் வாளி நிறையப் பழம் பொறுக்குவானா? இந்த ஒரு வசனம் போதும் அவருக்கு. அதைச் சொன்னால் வாளி வரும், வாளியோடு நான் வருவேன். ஆகவே அவரை அதே கேள்வியோடு ஒரு வருடம் இருக்க விட்டேன்.

அக்கா இப்போது ஒருவரையும் ஏசுவதில்லை. பிந்தி வரும் பஸ் சாரதியை, தொலைபேசியில் தொல்லை கொடுக்கிறவனை, சட்டியை அடிப்பிடிக்க விட்ட மகளை, யாரையும் இல்லை. வாய் திறக்கும் முன் சொல்லைப் பொறுக்கி எடுக்கிறார். யாராவது வெளிக்கிட்டால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். எங்கள் வீட்டில் அந்தச் சத்தம் இல்லாமல் இருப்பது எனக்குச் செவிட்டில் அறைகிற மாதிரி இருக்கிறது.

அதைவிடக் கொடுமை ஒன்று இருக்கிறது. அவர் என்னைக் கொண்டாடுகிறார். முட்செடி கிழித்த என் கைகால்களை வருகிறவர்களுக்குக் காட்டி, "அவரைத் தேடித் தேடி இவன் பட்ட பாடு" என்று அழுதார். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கென்று கறி காய்ச்சி அனுப்புகிறார். நான் சாப்பிடுகிறேன். ருசியாகத்தான் இருக்கிறது.

கம்பனி இந்தக் கோடைக்கும் என்னைக் கூப்பிட்டது. "நீ நிண்ட படியால்தான் சனம் பயப்பிடாமல் இருந்தது" என்றார் முதலாளி. போகமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். டானாவுக்கு எல்லாவற்றையும் எழுதிப் போன கிழமை அனுப்பினேன். பதில் இல்லை. பொலிசுக்கும் சொல்ல வேண்டியிருக்கும். அந்நியருக்கு எழுதுவது லேசு அத்தான், அவர்கள் என்னைப் பார்த்து "தம்பி" என்று சொல்லப்போவதில்லை.

இந்தக் கடிதத்தை அப்படியே அச்சகத்துக்கு அனுப்பிவிடலாமோ என்றும் யோசித்தேன். மண்டபத்தில் முந்நூறு பேருக்கு நடுவில் அக்கா மலரைப் புரட்டி, கடைசிப் பக்கத்துக்கு வந்து, தனியாக இதை வாசிப்பார். நான் அப்போது பந்தியில் சோறு போட்டுக்கொண்டு நிற்பேன். எனக்கு அது வசதி. நீங்கள் இருந்திருந்தால் இதற்கும் ஒரு பட்டம் வைத்திருப்பீர்கள், இந்த முறை சரியான பட்டம்.

அப்படிச் செய்யமாட்டேன். நாளை சனிக்கிழமை காலை அக்காவிடம் போகிறேன். அவருக்கு முன்னால் இருந்து, முதல் வரியில் இருந்து கடைசி வரி வரை, நிறுத்தாமல், நானே வாசிப்பேன். அவர் காதைப் பொத்தினாலும் வாசிப்பேன். மலரில் போடுவதோ, கிழிப்பதோ, என்னை அந்த வாசலை இனி மிதிக்க வேண்டாம் என்பதோ அவருடைய விருப்பம். மன்னிப்புக் கேட்கமாட்டேன், கேட்டால் அவர் தந்துவிடுவார். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

நாளைக் காலை வரைக்கும்,
உங்கள் மச்சான்,
ரஞ்சன்