எழுபதிலிருந்து கழித்த மைல்கள்

மச்சான்,

இன்று காலை ஐ-டென் நெடுஞ்சாலையில் ஹூஸ்டன் பக்கத்துக் கேட்டியை நோக்கி வந்துகொண்டிருந்தேன். வலது ஓரத் தடத்தில் ஒரு பழைய ஆர்.வி., கட்டிலும் அடுப்பும் உள்ள வீட்டு வண்டி, போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னால் ஒரு சின்னக் கார். முன்சக்கரங்களை டாலி என்கிற இரண்டு சக்கர இழுவண்டியின் மேல் தூக்கி வைத்துக் கட்டியிருந்தார்கள். எல்லோரும் அதைத் தாண்டிப் போனார்கள். ஒரு பிக்கப்காரன் ஹார்னை விடாமல் அழுத்திக்கொண்டே போனான். ஏசி வழியாகச் சூடான ரப்பர் வாசம் வந்தது. நான் தாண்டவில்லை.

பக்கத்தில் என் மகள் இருந்தாள். "அத்தா, ஜஸ்ட் பாஸ் ஹிம்" என்றாள்.

"அவசரம் இல்லம்மா."

"யூ ஆர் ஆல்வேஸ் இன் எ ஹர்ரி" என்று சொல்லிவிட்டுக் காதில் எதையோ மாட்டிக்கொண்டாள். நாங்கள் இறங்க வேண்டிய எக்ஸிட் வரும்வரை அந்த வண்டிக்குப் பின்னாலேயே வந்தேன். அவளுக்கு நினைவில்லை. அந்த மாதிரி ஒரு வண்டியின் பின் கட்டிலில்தான் அவள் டெக்சாஸுக்கு வந்து சேர்ந்தாள். அப்போது அவளுக்கு ஆறு வயது இருக்கும்.

நீங்கள் போய்ச் சில மாதங்கள் ஆகின்றன. உங்களுக்கு எழுத வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. உயிரோடு இருந்தபோதே நாம் பேசிக்கொண்டது பெருநாளைக்கு ஒரு போன்தான். ஆனால் அந்த ரப்பர் வாசம் வீடு வந்த பிறகும் போகவில்லை.

இரண்டாயிரத்து இரண்டு. நியூ ஜெர்சியில் என் கம்பெனி என்னைக் கழற்றி விட்டிருந்தது. எனக்குக் கீழே இருந்தவன் என் நாற்காலியில் உட்கார்ந்தான். அவன் பெயரை இன்றும் நான் சொல்வதில்லை. கடைசி நேரத்தில் ஹூஸ்டனில் ஒரு வேலை கிடைத்தது. திங்கட்கிழமை காலை போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் விசா செல்லாது, குடும்பத்தோடு ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று வக்கீல் சொல்லியிருந்தார். நஸீமா இரவெல்லாம் அழுதாள். பிஸ்கட்டவேயிலிருந்து உங்கள் ஆர்.வி.யில் நீங்கள் வந்தீர்கள். "ப்ளைட்டு எதுக்கு மாப்ளே? சாமான், காரு, பொண்டாட்டி, புள்ள, எல்லாத்தையும் நானே கொண்டாந்து விடறேன்" என்றீர்கள். அக்காவால் வர முடியவில்லை, பிள்ளைகளுக்குப் பள்ளி இருந்தது.

மருந்துக் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை உங்களுக்கு. வீட்டிலும் அதே வேலைதான். பால் பாக்கெட்டைக்கூடத் தேதி பார்க்காமல் திறக்க மாட்டீர்கள். வேகத்துக்கும் ஒரு கணக்கு வைத்திருந்தீர்கள். மணிக்கு எழுபது மைலில் ஆரம்பித்துக் கழித்துக்கொண்டே வருவீர்கள்.

"பின்னால காரு இருக்கு, அஞ்சு கழிச்சுக்க. டாலி டயரு பழசு, அதுக்கு அஞ்சு." பிறகு என் கரோலாவின் டிக்கியைத் திறந்து பார்த்தீர்கள். கிரைண்டர், புத்தகப் பெட்டிகள், நஸீமா வாங்கி அடைத்திருந்த அரிசி மூட்டைகள். "காரைக் காலியா வைன்னு சொன்னேனா இல்லையா? ஏன்மா, ஹூஸ்டன்ல அரிசி விக்க மாட்டானா?"

"அங்க பொன்னி கிடைக்குமோ என்னமோண்ணே" என்றாள் நஸீமா.

"சரி, பொன்னிக்கு அஞ்சு. அம்பத்தஞ்சு."

"இப்படியே கழிச்சுக்கிட்டே போனா பார்க்கிங் லாட்லயே நிப்போம் மச்சான்" என்றேன்.

"இன்னும் முடியல. ரெட்டைக் கோபுரம் விழுந்ததுலேர்ந்து இருக்கிற நெலமைல நம்ம பேருக்கு ஒரு அஞ்சு கழிக்கணும். ஆனா அம்பதுல போனா ஏன் இவ்ளோ ஸ்லோன்னு போலீஸ்காரன் நிறுத்துவான். அதனால பேரை மட்டும் விட்டுருவோம்."

நஸீமா பல நாட்களுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. என் தலைக்குள் வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

வர்ஜீனியா, டென்னஸி, அலபாமா. ஐம்பத்தைந்திலிருந்து முள் அசையவில்லை. மேட்டில் அதற்கும் கீழே இறங்கியது. சரிவில் நீங்களே கியரைக் குறைத்து வண்டியைப் பிடித்து வைத்தீர்கள். லாரிகள் தாண்டும்போதெல்லாம் காற்று நம்மைத் தள்ளி, பிறகு உள்ளே இழுக்கும். நீங்கள் ஸ்டியரிங்கை லேசாகப் பிடித்தபடி அதைக் கடப்பீர்கள். ரெஸ்ட் ஏரியாவில் லுஹரையும் அஸரையும் சேர்த்து, சுருக்கித் தொழுவீர்கள். தொப்பியை மடித்துப் பைக்குள் வைத்த கையோடு டாலியின் பட்டைகளை இழுத்துப் பார்ப்பீர்கள், டயரைத் தொட்டுப் பார்ப்பீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"பயணத்துல தொழுகையையே சுருக்கிக்கலாம்னு இருக்கு. நேரத்தையும் கொஞ்சம் சுருக்கக் கூடாதா?"

"தொழுகையைச் சுருக்கச் சொன்னவன் வேகத்தைக் கூட்டச் சொல்லலையே மாப்ளே."

எதற்கும் உங்களிடம் ஒரு பதில் இருந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஞாயிறு பிற்பகல் லூசியானாவில், சதுப்பு நிலத்தின் மேலே போகும் அந்த நீளமான பாலத்தில் இருந்தோம். இரண்டு பக்கமும் தண்ணீரில் நிற்கும் மரங்கள். நான் வரைபடத்தை மடியில் விரித்து மைல்களைக் கூட்டிக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருட்டிய பிறகும் ஓட்டினால்தான் அன்றிரவே போய்ச் சேர முடியும். நீங்களோ இருட்டிய பிறகு ஓட்டுவதில்லை. அப்போது நான் அதைச் சொன்னேன். நிதானமாகத்தான் சொன்னேன்.

"உங்களுக்கு க்ரீன் கார்டு இருக்கு மச்சான். நீங்க மெதுவாப் போகலாம். விசா போனா ஊருக்குப் போகப்போறது நாங்கதான்."

நஸீமா பின்னாலிருந்து "என்னங்க இது" என்றாள். பாலம் இறங்கிய பிறகுதான் நீங்கள் சொன்னீர்கள்.

"சரி. நீ சொல்றதும் சரிதான்."

முள் அறுபதைத் தாண்டியது. அறுபத்தைந்து. எழுபதுக்கு வந்தபோது எனக்கு உடம்பெல்லாம் ஒரு நிம்மதி பரவியது. வரைபடத்தை மடித்து வைத்தேன்.

முதலில் கண்ணாடியில்தான் தெரிந்தது. ஒரு பெரிய லாரி நம்மைத் தாண்டியது. அது போன பிறகு கரோலா இடப்பக்கம் தலை நீட்டியது, பிறகு வலப்பக்கம், பிறகு மறுபடி இடப்பக்கம், இன்னும் அதிகமாக. டிக்கியில் இருந்த கனமெல்லாம் சேர்ந்து நம் வண்டியின் வாலை ஆட்டியது. "ப்ரேக் போடுங்க, ப்ரேக் போடுங்க" என்று கத்தினேன். நீங்கள் போடவில்லை. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, உதட்டுக்குள் ஏதோ ஓதினீர்கள். டாலியின் ஒரு டயர் வெடித்தது. ஓரப் புல்லில் இழுபட்டு, சாய்ந்து, நின்றோம்.

ப்ரேக்கை மிதித்திருந்தால் கார் நம்மை முந்தி வந்து வண்டியைக் குறுக்கே மடக்கிப் போட்டிருக்கும் என்று பிறகு வண்டியை இழுத்துப்போக வந்த டோ வண்டிக்காரன் சொன்னான். அந்தப் பயணத்தில் நீங்கள் என் பேச்சைக் கேட்டது ஒருமுறை, கேட்காதது ஒருமுறை. கேட்காததால்தான் இதை எழுத நான் இருக்கிறேன்.

பாப்பா கட்டிலிலிருந்து விழுந்து மேஜை முனையில் அடிபட்டிருந்தாள். இடது புருவத்தில் ரத்தம். நஸீமா அவளைத் தூக்கிக்கொண்டு புல்லில் உட்கார்ந்தாள். உங்கள் சட்டையைக் கழற்றி அவள் நெற்றியில் அழுத்தினீர்கள். பனியனோடு, முழங்காலிட்டு, "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்லடா" என்றீர்கள்.

அங்கே ஓர் ஊரில் தையல் போட்டு, ரிப்பேர் கடை வாசலிலேயே தங்கினோம். திங்கட்கிழமை காலை ஹூஸ்டனுக்கு போன் செய்தேன். அந்த மேனேஜர் அம்மாள் ஏதோ சாப்பிட்டுக்கொண்டே, பரவாயில்லை, புதன்கிழமை வாருங்கள் என்றாள். அவ்வளவுதான். விசாவைப் பற்றி அவள் கேட்கவே இல்லை. சேர்ந்த பிறகும் ஒரு வாரம் எனக்கு உட்கார மேஜை இல்லை. காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். இரண்டு வருடம் கழித்து அவர்களும் என்னைக் கழற்றி விட்டார்கள். க்ரீன் கார்டு இன்னும் வரவில்லை. எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் குடியுரிமை வாங்கி ஓட்டுப் போடுகிறார்கள்.

போனை வைத்தபோது நீங்கள் பக்கத்தில் நின்றிருந்தீர்கள். "என்ன சொன்னாங்க?"

"புதன்கிழமை வரச் சொன்னாங்க."

"அல்ஹம்துலில்லாஹ். அப்ப நல்லதாப் போச்சு" என்றீர்கள். வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் என்னை ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்கள். நான் காத்திருந்தேன். நீங்கள் புதிய டயரின் பக்கத்தில் குனிந்து எதையோ படித்துக்கொண்டிருந்தீர்கள். திட்டியிருந்தால் சண்டை போட்டுவிட்டு அன்றே மறந்திருப்பேன். நீங்கள் அந்த வழியையும் எனக்கு விடவில்லை. அதற்காக எத்தனையோ வருடம் உங்கள் மேல் கோபமாக இருந்தேன். இப்போதும் கொஞ்சம் இருக்கிறது.

எப்போதாவது நாங்கள் உங்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் பாப்பாவின் புருவத்தைப் பார்ப்பீர்கள். பிறகுதான் ஸலாம்.

உங்களை அடக்கம் செய்த அன்று எல்லோரும் உங்கள் நிதானத்தைப் பற்றியே பேசினார்கள். இத்தனை வருடத்தில் ஓர் அபராத டிக்கெட்கூட வாங்காதவர், ஒரு கீறல்கூட இல்லாதவர் என்றார்கள். கூட்டம் கலைந்த பிறகு அக்கா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

"உன்னை விட்டுட்டு வந்ததுக்கு அப்புறம் அவர் அந்த வண்டியைத் தொடவே இல்ல. வந்த விலைக்குத் தள்ளிட்டார். ஆசை ஆசையா வாங்கினது. வழியில என்னதான்டா நடந்துச்சு?"

"டயர் வெடிச்சுதுக்கா. வேற ஒண்ணுமில்ல."

"அவரும் அதையேதான் சொன்னார்" என்றாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தேநீர்க் குவளைகளைக் கழுவத் திரும்பிக்கொண்டாள்.

மச்சான், எனக்கு இந்த நாட்டில் நியாயம் கிடைக்கவில்லை என்று நான் சொல்லாத ஆள் இல்லை. மேனேஜர்களிடம் சொல்லியிருக்கிறேன், வக்கீல்களிடம், ஊரில் என் கூடப் பிறந்த அண்ணனிடம், நஸீமாவிடம். கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன். எல்லோரும் கேட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். நீ சொல்வது சரிதான் என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும், இந்தச் சலிப்பு கொஞ்சம் இறங்கும் என்று இத்தனை வருடமாக நினைத்திருக்கிறேன்.

அதை என்னிடம் சொன்ன ஒரே ஆள் நீங்கள்தான். சொல்லிவிட்டு ஆக்ஸிலேட்டரை அழுத்தினீர்கள். சொல்லியிருக்க வேண்டாம் மச்சான்.