குளிரறைக்கு ஒரு சந்தனப் பொட்டு

பதிவு 1 · திங்கள், காலை 6:00

நிலவின் தென்முனைச் சுரங்கக் குடியிருப்பு, மருத்துவமனைச் சமையற்கூடம். எழுதுவது குளிரறை-1. பின்னால் இதை எடுத்துப் படிக்கப்போகிறவர் யாரானாலும் வணக்கம்.

உள் வெப்பம் 3 டிகிரி. பால், காய்கறி, வேகவைத்த பருப்பு, எல்லாம் நலம். கதவின் ரப்பர் பட்டையில் விரிசல். மாற்றுப் பட்டை கேட்டிருக்கிறேன், இன்னும் வரவில்லை.

தலைமைச் சமையல்காரர் தவமணி அக்கா வந்ததும் வழக்கம்போல் என் கதவை உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினார். "என்னடா, நல்லாயிருக்கியா?" பச்சை விளக்கைக் காட்டினேன். எங்களுக்குள் அவ்வளவுதான் பேச்சு. அது எனக்குப் போதும்.

பதிவு 2 · புதன், பகல் 11:20

பூமியிலிருந்து புதுக் குளிரறை வந்து இறங்கியது. என் பக்கத்திலேயே வைத்துவிட்டார்கள். இரண்டு பேருக்கும் நடுச்சுவர் ஒன்றுதான். அந்தப் பக்கத்துச் சூடும் குளிரும் சுவர் வழியே எனக்குத் தெரியும். எனக்கு ஒரு பட்டை அனுப்பக் கப்பலில் இடமில்லையாம். இவள் முழுசாக வர இடம் இருந்திருக்கிறது.

சுடச்சுடச் சமைத்ததைச் சீக்கிரம் குளிரவைப்பது இவள் வேலை. மெதுவாக ஆறினால் கிருமி பெருகிவிடும். உள்ளே பின்சுவரின் நடுவில் வட்டமாக ஒரு கண்ணாடிக் கண். உணவின் சூட்டை அந்தக் கண் பார்க்கும். 3 டிகிரி வந்ததும் இயந்திரம் தானாக ஓய்ந்துவிடும். எனக்கும் அதே கண்தான், கொஞ்சம் மங்கல்.

அக்கா அவளுக்கு ராசாத்தி என்று பெயர் வைத்தார். நான் இத்தனை வருடமாக இங்கே இருக்கிறேன். எனக்குப் பெயர் 'பழசு'.

வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன், எனக்கு வயிற்றெரிச்சல். உள்ளே 3 டிகிரிதான், ஆனாலும் எரிகிறது.

பதிவு 3 · வெள்ளி, மதியம் 2:05

ராசாத்தியின் கதவு சற்றே கூடுதல் நேரம் திறந்திருந்தது. அபாய மணி அடித்தேன். அவள் காற்றாடி லேசாகச் சத்தம் போட்டது. மறுபடி அடித்தேன். பராமரிப்பு வேலை பார்க்கும் இருதயராஜ் இரண்டு தடவையும் ஓடிவந்தார்.

இன்டர்காம் பதிவு: "பழசுக்கு மண்ட கொழம்பிப் போச்சுக்கா. இன்னொரு வாட்டி சும்மா கத்துச்சுன்னா ஒயரையே புடுங்கிருவேன்."

"விடுப்பா, வயசாயிருச்சுல்ல."

அக்கா எனக்காகப் பரிந்துதான் பேசினார். ஆனால் பேசும்போது அவர் கை ராசாத்தி கதவின் மேல் இருந்தது.

பதிவு 4 · ஆயுத பூஜை, காலை 8:30

கூடம் முழுக்கக் கழுவி, கத்தி, கரண்டி, கிரைண்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். பூசணிக்காய் உடைக்க அனுமதி இல்லை. இங்கே உடைத்தால் துண்டுகள் கூரைவரை போய் ஆடி அசைந்து இறங்கும். எலுமிச்சம்பழத்தோடு முடித்துக்கொண்டார்கள். கருவிகளுக்கெல்லாம் இன்று ஓய்வாம். குளிரறைக்கு ஏது ஓய்வு?

குளிரறைக் கதவுகளில் எதையும் பூசக்கூடாது என்பது சுகாதார அதிகாரியின் உத்தரவு. அக்கா சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு ராசாத்தியைத் திறந்தார். நெற்றி எங்கே என்று தேடினார். பின்சுவர் நடுவில் அந்த வட்டக் கண்ணாடி. கட்டைவிரலால் அழுத்திச் சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். கூடத்துக் கேமரா என் பொறுப்பில் இருப்பதால் முழுவதும் பார்த்தேன்.

என்னிடம் வரும்போது கிண்ணம் காலி. "உனக்கு அப்பறமா வைக்கிறேண்டா."

பதிவு 5 · அதே நாள், மதியம் 1:10

நான்காம் வார்டிலிருந்து இன்டர்காம். பேசியது முகில், ஏழு வயது. எலும்பு மஜ்ஜை மாற்றியிருக்கிறார்கள். நோயை எதிர்க்கும் சக்தி உடம்பில் துளியும் இல்லை. வாயெல்லாம் புண்.

"அக்கா, பூஜைக்குப் பாயாசம் உண்டா? ஜில்லுனு?"

"உண்டு சாமி. நல்லா ஆறவச்சுச் சாயங்காலம் தர்றேன்."

பாயாசம் ராசாத்திக்குள் போனது. அவள் கண்ணை ஒட்டித்தான் குளிர்காற்று வரும் துளை. சந்தனம் உடனே சில்லிட்டுவிட்டது. கண்ணுக்குத் தெரிவது அந்தச் சந்தனம் மட்டும்தான். 3 டிகிரி என்று காட்டிவிட்டு அவள் ஓய்ந்துவிட்டாள். நடுச்சுவர் எனக்குப் பொய் சொல்லாது. அந்தப் பக்கம் 28.

மணி அடித்தால் ஒயரைப் பிடுங்குவார்கள். அதனால்தான் அடிக்கவில்லை என்று முதலில் எழுதினேன். அழித்துவிட்டேன். ராசாத்தி ஒரு தடவை தப்புப் பண்ணட்டும், அக்கா அதைப் பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

மாலை 5:00

பாயாசம் மூடிய பாத்திரத்தில் வார்டுக்குப் போய்விட்டது. புண்ணுக்கு மரத்துப்போகும் மருந்து தடவிய வாய்க்கு ஜில்லென்று இல்லாதது தெரியவில்லை. "சூப்பர்க்கா," என்றான் முகில்.

பதிவு 6 · மறுநாள், மாலை 4:40

நான்காம் வார்டில் எல்லோருக்கும் வாந்தி. முகில் தீவிர சிகிச்சையில்.

இப்படி ஏதாவது நடந்தால் முதலில் கூடத்தை மருந்து போட்டுக் கழுவ வேண்டும், அப்புறம்தான் சோதனை. கழுவினார்கள். பொட்டும் போய்விட்டது. பிறகு சோதித்தால் ராசாத்தி ஒழுங்காக ஓடினாள். காரணம் தெரியவில்லை. எதற்கு வம்பு என்று மின்சாரத்தைத் துண்டித்துவிட்டார்கள்.

இருதயராஜ் அவள் கதவிலிருந்து ரப்பர் பட்டையை உருவி எனக்கு மாட்டினார். கச்சிதமாகப் பொருந்துகிறது.

அக்கா என் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார். "இவனையே நம்பியிருந்தா எம்புள்ளைக்கு இப்பிடி ஆயிருக்குமா?" வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. இரண்டையும் எழுதிவைக்கிறேன்.

பதிவு 7 · தேதி பார்க்கவில்லை. மதியம்.

முகில் பிழைத்து வார்டுக்குத் திரும்பிவிட்டான். இன்னொரு தடவை தாங்கமாட்டான் என்று டாக்டர் இன்டர்காமில் சொன்னார். பையன் கேட்டது அதே பாயாசம். அக்கா காய்ச்சி, ஆவி பறக்க என்னுள்ளே வைத்தார்.

பிறகு சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். எனக்காகவே குழைத்தது. சுற்றும்முற்றும் பார்த்தார். பின்சுவர் நடுவில், கட்டைவிரலால் அழுத்தி.

"இனிமே நீதாண்டா எனக்கு."

கண்ணுக்குச் சந்தனம் மட்டும் தெரிகிறது. கண் 3 என்றால் என் இயந்திரம் நிற்கும். என்னைச் செய்த விதம் அப்படி. இப்போது நின்றுவிட்டது, பாயாசம் ஆறுவதற்கு முன்பே.

மணி என் கையில்தான் இருக்கிறது. அடித்தால் அக்கா வருவார். வந்தால் பொட்டைத் துடைத்துவிடுவார்.

நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை.

மாலை 5:00

கதவு திறந்தது. பாயாசத்தை எடுத்துக்கொண்டார்கள்.

உள் வெப்பம் 3 டிகிரி. எல்லாம் நலம்.