நீ கொடுக்க மறுத்த இடது கை

நேற்று கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் என் பேஸ் கிதாரைப் பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டுக் கடையிலேயே உட்கார்ந்திருந்தேன். உள்ளே ஏதோ ஒயர் விட்டுப்போயிருந்தது. கடைக்காரர் ஈயத்தை உருக்கிப் பற்றவைத்தார். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் நீ எதிரில் குந்தியிருப்பது போலவே இருந்தது. ரெகார்டிங்குக்கு முன்னால் ஸ்டூடியோ நடைவழியில் உட்கார்ந்து உன் கிதார் ஒயர்களை நீயேதான் பற்றவைப்பாய். அடுத்தவன் கை பட்டால் இரைச்சல் வரும் என்பாய். அப்படியெல்லாம் ஒன்றும் வராது. உன் படபடப்பு அடங்க அது ஒரு வழி என்று எனக்குத் தெரியும். தெரிந்ததாக ஒருநாளும் நான் காட்டிக்கொண்டதில்லை.

சுங்கை பூலோவில் ஒரு கடைவரிசையின் மேல்மாடியில் இருந்தது அந்த ஸ்டூடியோ. மலாய் ராக் பாட்டுகள் கேசட்டுகளாகப் பறந்துகொண்டிருந்த காலம். நீ கிள்ளானிலிருந்து ரயில் ஏறி வருவாய். ரயில்வேக்காரர் மகன், மெதடிஸ்ட் சர்ச்சில் ஞானப்பாட்டுக்கு வாசித்துப் பழகிய கை. நாம் சேர்ந்து வாசித்த முதல் நாள், தயாரிப்பாளர் மெட்டைச் சொல்லி முடித்ததும் நீ ஒன்றே ஒன்றுதான் கேட்டாய்: இந்த இடத்தில் கிதார் அழ வேண்டுமா, சண்டை போட வேண்டுமா என்று. இரண்டும் வேண்டும் என்றார் அவர், விளையாட்டாக. நீ அதை நிஜமாக எடுத்துக்கொண்டு வாசித்தாய். பாட வந்திருந்தவர் தன் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டார்.

அந்தப் பாட்டு நாடெங்கும் ஓடியது. கேசட் அட்டையில் பாடகரின் முகம் இருந்தது. உள்ளே பொடி எழுத்தில் யார் யார் பெயரோ இருந்தது. உன் பெயர் இல்லை. அப்புறம் எத்தனையோ பாட்டுகள், எல்லாம் அப்படித்தான். ஒருநாள் கிள்ளானில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்து மேசைக்காரர் நீ வாசித்த சோலோவை வாயாலேயே வாசித்துக்கொண்டிருந்தார், ஒரு சுரம் பிசகாமல். அவரிடம் சொல்ல நான் எழுந்தேன். நீ என் சட்டையைப் பிடித்து இழுத்தாய்.

"சாப்புடு லா. அவன் சந்தோசமா இருக்கான், விடு."

திரும்பும் வழியெல்லாம் உன் விரல்கள் தொடையில் அந்த சோலோவையே தட்டிக்கொண்டு வந்தன.

அதற்கப்புறம்தான் உன் சொந்த ஆல்பம் என்று ஆரம்பித்தாய். தமிழில், உன் வரிகள், உன் கரகரத்த குரல். துறைமுகத்துக்கு லோரி ஓட்டுகிறவனைப் பற்றி, ஷிஃப்ட் முடிந்து வருகிற புருஷனுக்காகச் சோற்றை மூடிவைக்கிறவளைப் பற்றி. மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினோம். படப் பாட்டு மாதிரி இல்லையே தம்பி என்று அன்பாகத்தான் சொன்னார்கள். விற்காத கேசட் பெட்டிகளை அடுக்கி, மேலே துணி விரித்து, உன் மனைவி எஸ்தர் அதில் டிவியை வைத்தாள். அவள் அதைக் கேலியாகச் செய்யவில்லை. வீட்டில் வேறு இடமில்லை.

பிறகு கம்ப்யூட்டரே கிதார் வாசிக்கத் தொடங்கியது. நம்மைக் கூப்பிடுவது குறைந்து, நின்றும் போனது. நீ போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தாய். சர்க்கரை நோய் எப்போதோ வந்திருந்தது. சிறுநீரகம் போய்க்கொண்டிருக்கிறது என்று தெரிந்த வருடம்தான் இரண்டாவது ஆல்பத்தைத் தொடங்கினாய்.

அந்த டாக்டர் அறையில் எஸ்தரோடு நானும் இருந்தேன். டயாலிசிஸுக்குக் கையில் ஒரு சின்ன ஆபரேஷன் செய்து இரத்தக்குழாயைத் தயார்ப்படுத்த வேண்டும் என்றார் அந்தத் தமிழ்ப் பெண் டாக்டர். இடது கையில், நீ தந்தியை அழுத்தும் கையில். நீ வலது கையை நீட்டினாய்.

"அங்கிள், அதுல குழாய் ரொம்பச் சின்னதா இருக்கு. இடது கைதான் சரி."

"விரல் மரத்துப் போகுமா?"

"சில பேருக்கு ஆகும். எல்லாருக்கும் இல்ல."

நீ முதல் பாதியை மட்டும் கேட்டாய். பாட்டு முடியட்டும், வருகிறேன் என்று எழுந்துவிட்டாய். டாக்டர் எவ்வளவோ சொன்னார். நானும் சொன்னேன். எஸ்தர் எழுந்து உன் பின்னாலேயே வந்தாள். கார் நிறுத்தியிருந்த இடத்துக்கு வந்ததும் கேட்டாள்:

"இன்னும் எத்தன பாட்டு இருக்கு?"

"நாலு."

"சீக்கிரம் முடிங்க."

உன் வீட்டுப் பின்னறையில் வாசித்தோம். உன் பாதங்கள் வீங்கிச் செருப்பு நுழையாது. பாதி வாசிப்பில் எழுந்துபோய் வாந்தி எடுத்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து தொடங்குவாய். ஒருநாள் நான் பேஸைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டேன். போதும், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு என்றேன். நீ கோபப்படவில்லை.

"இவ்ளோ நாளா மத்தவன் பாட்டுக்கு வாசிச்ச கைடா இது. கொஞ்ச நாள் எனக்கு வாசிக்கட்டும்."

நான் பேஸை மறுபடி மாட்டிக்கொண்டேன்.

கடைசிப் பாட்டின் அன்று மழை. தகரக் கூரைச் சத்தம் மைக்கில் ஏறியதால் காத்திருந்தோம். நீ கிதாரை மடியில் வைத்தபடியே தூங்கிப்போனாய். முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. மழை விட்டதும் நானே எழுப்பினேன். பழைய வேகம் விரல்களில் இல்லை. ஒரு சுரத்தை எடுத்தால், அது தானாக அடங்கும்வரை அடுத்ததற்குப் போகாமல் நின்றாய். பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்த எனக்கு, நீ இதுவரை வாசித்ததிலேயே இதுதான் சிறந்தது என்று தெரிந்தது. நம்மோடு வாசித்தவர்களில் வேறு யாரும் அதைக் கேட்க அங்கே இல்லை.

அந்த வாரமே உனக்கு மூச்சு முட்டியது. நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. கையில் ஆபரேஷன் செய்ய இனி நேரமில்லை என்று டயாலிசிஸுக்குக் கழுத்தில் குழாய் போட்டார்கள். அதன் வழியாகக் கிருமி இரத்தத்தில் ஏறியது. நினைவு தப்பும்வரை உன் இடது கை போர்வையின் மேல் எதையோ அழுத்திக்கொண்டிருந்தது. எந்தப் பாட்டு என்று கண்டுபிடிக்கப் பார்த்தேன். முடியவில்லை.

அடக்கத்துக்கு, உன் வாசிப்பால் பெயர் வாங்கிய பாடகர் ஒருவர் மலர்வளையம் அனுப்பியிருந்தார். அதில் உன் பெயரைத் தப்பாக எழுதியிருந்தார்கள்.

ஆல்பத்தை நான் முடித்து இணையத்தில் ஏற்றினேன். கேட்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். எப்போதாவது ஒருவர், இது யார் என்று கேட்டு எழுதுகிறார். உன் பெயரைச் சொல்கிறேன், எழுத்து எழுத்தாக.

எஸ்தர் இதுவரை அதைக் கேட்கவில்லை. போன மாதம் உன் வீட்டுக்குப் போயிருந்தேன். தேத்தண்ணி கொடுத்தாள், பிள்ளைகளின் வேலையைப் பற்றிச் சொன்னாள். நான் கிளம்பிச் செருப்பை மாட்டும்போது வாசல்வரை வந்து நின்றாள்.

"அண்ணே, நெஜமா சொல்லுங்க. அந்தப் பாட்டுங்க அவ்ளோ நல்லாவா இருக்கு?"

"இருக்கு, எஸ்தர்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

நான் பொய் சொல்லவில்லை. நீ எங்கே இருந்தாலும் அது உனக்குத் தெரியும். ஆனால் அவள் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது. உன் பாட்டுகளோடு சேர்த்து, அவளுடைய அந்தக் கேள்வியையும் நான்தான் இப்போது வைத்துக்கொண்டிருக்கிறேன்.