இருபத்தொன்பதாம் தேதிக்குக் கொடியில்லை

26 பிப்ரவரி 1944, சனி

என் வீட்டுக்காரர் சிலுவையின் தோணி கொழும்பிலிருந்து புறப்பட்டுவிட்டதாக, நான் டைப்பிஸ்டாக இருக்கும் துறைமுக ஆபீசுக்குத் தந்தி. செவ்வாய்க்கிழமை கரையில் இருப்பார். அந்தச் சந்தோஷத்தோடு மார்ச் மாதக் கொடி அட்டவணையை டைப் அடிக்க உட்கார்ந்தேன். யுத்தம் வந்ததிலிருந்து நாளுக்கொரு நிறக் கொடி. அன்றைய கொடி இல்லாமல் வரும் தோணியைக் கரைப் பீரங்கி சுடும்.

மாதிரிக்குப் பிப்ரவரித் தாளை எடுத்தேன். மெட்ராஸிலிருந்து வந்தது. இருபத்தெட்டோடு நிற்கிறது. போன வருஷத்துத் தாளைப் பார்த்துப் போட்டிருக்கிறார்கள். இது லீப் வருஷம் அல்லவா?

செவ்வாய் — இருபத்தொன்பது.

27, ஞாயிறு

பூசையில் மனம் நிற்கவில்லை.

28, திங்கள்

அதிகாரியிடம் சொன்னேன். "அதுக்கென்ன, மார்ச் ஒண்ணாந் தேதிச் சிவப்பையே நாளைக்கும் வச்சுக்கிடுவோம்" என்றார். கடலில் இருப்பவர்களிடம் மார்ச் தாளே இல்லையே! மெட்ராஸுக்குத் தந்தி அடித்திருக்கிறாராம். பதில் வராமல் பீரங்கிக்காரர்களிடம் வேறெதுவும் சொல்ல மாட்டாராம்.

எங்க வீட்டுக்காரரு என்ன கொடி ஏத்துவாரு? இன்னைக்கு உள்ள மஞ்சளையா? ஒண்ணுமே இல்லாமலா? எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.

கப்பல்களுக்கு வழிகாட்டும் பைலட் படகை ஓட்டும் ஜக்கரிய்யா காக்காவிடம் அழுதுவிட்டேன். காயல்பட்டினத்துக்காரர், அங்கே காக்கா என்றால் அண்ணன்; சிலுவையை நன்றாகத் தெரியும். "அழாதம்மா. சிவப்புக் கொடியோட நான் வெளிய போறேன். தோணி கிட்ட வாரதுக்குள்ள மறிச்சுக் குடுத்துருதேன்."

"உத்தரவு வேண்டாமா காக்கா?"

"கேட்டாத்தானே இல்லம்பாரு."

29, செவ்வாய்

உயிரோடு இருக்கிறார். 

மத்தியானம் ஆபீஸ் ஜன்னலில் நின்றேன். பாய் தெரிந்தது. உச்சியில் மஞ்சள். காக்காவின் படகு நெருங்கிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஜெபிக்கிறேன் — காக்கா சிவப்பைத் தோணிக்குள் எறியவும் பீரங்கி முழங்கியது. தண்ணீர் எழும்பித் தோணியையும் படகையும் மறைத்துவிட்டது. அடங்கியபோது தோணியில் சிவப்பு ஏறிக்கொண்டிருந்தது. படகைக் காணோம்.

கடலில் குதித்துக் காக்காவைத் தூக்கியது சிலுவைதான். காக்காவுக்கு வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை.

1 மார்ச், புதன்

மெட்ராஸ் பதில் வந்துவிட்டது. இருபத்தொன்பதாம் தேதிக்கும் இருபத்தெட்டின் கொடியே செல்லுமாம்.

மஞ்சள்.

3, வெள்ளி

விபத்து அறிக்கையை டைப் அடிக்கச் சொன்னார் அதிகாரி. 'படகோட்டி உத்தரவின்றிச் சென்றதே காரணம்.' முதல் வரியிலேயே விரல் நின்றுவிட்டது. "இதை நான் அடிக்க மாட்டேன் சார்" என்றேன். அப்படியானால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

சிலுவையிடம் சொன்னேன். "நல்ல காரியம் செஞ்சே" என்றார். 

12, ஞாயிறு

காக்காவை ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் தோணியிலேயே காயல்பட்டினத்துக்குக் கூட்டிப்போனோம். அவர் மனைவி முத்து பீவியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. வாசலிலேயே நின்றேன்.

சிலுவை சொன்னார்: "அடுத்த நடையிலேருந்து காக்கா நம்ம தோணியில வாராரு. சுக்கானுக்கு ஒரு கை போதும்."

முத்து பீவி தட்டை எடுத்து வந்தார். காக்காவுக்குச் சோற்றைப் பிசைந்து ஊட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏன் அங்கனயே நிக்கிய? உள்ள வாங்க, சோறு ஆறுது."