காஜாவின் நாக்கை நம்பி நான் எழுதியது

என் ஆசை மாப்ள காஜாவுக்கு,

நீ போய் ஏழு மாசம் ஆகுது. இத்தனை நாளா உனக்கு ஒரு வரி எழுதல. எழுத உட்கார்ந்தாலே திட்டத்தான் வருது. செத்தவனைத் திட்டலாமான்னு பேனாவை வச்சுட்டு எந்திரிச்சிருவேன். இன்னைக்குத் திட்டியே தீர்றதுன்னு உட்கார்ந்திருக்கேன். ஊரே படிக்கிற நம்ம மாசப் பத்திரிகையிலதான் எழுதுறேன், படிச்சாப் படிக்கட்டும்.

முதல்ல ஊர்ச் சேதி. பைபாஸ் பக்கம் இன்னும் ரெண்டு பெரிய ஹோட்டல் வந்திருச்சு. வெள்ளை விரிப்பு, மங்கல் விளக்கு, குளிர்ல பல்லு தந்தியடிக்குது. ஒண்ணுல பிரியாணியைப் பிரிச்சு வச்சுக் கொடுக்குறாங்க. சோறு ஒரு தட்டு, கறி ஒரு தட்டு, மசாலா ஒரு சின்னக் குவளையில. நாமளே சேர்த்துக்கணுமாம். இதைத் திண்டுக்கல்லுல வந்து செய்றான் பாரு, அந்தத் தைரியத்தைப் பாராட்டணும். ஒவ்வொரு தட்டையும் வச்சுட்டு, கறி எந்த ஊர் ஆடு, மிளகு எந்த மலைன்னு ரெண்டு நிமிசம் பிரசங்கம் வேற. ஏழு தட்டு சாப்பிட்டு வெளிய வர்ற சனம், வீட்டுக்குப் போற வழியில ஆளுக்கு ரெண்டு பரோட்டா பார்சல் வாங்கிக்கிட்டுப் போகுது.

நான் இப்பத் தனியாத்தான் போறேன். ரெண்டு பேருக்குப் போட்ட மேசையில எதிர்த்தாப்ல இருக்க தட்டை அவங்க எடுத்துட்டுப் போவாங்க. அப்ப மட்டும் வேற பக்கம் பாத்துக்குவேன்.

படிக்கிறவங்களுக்கும் ஒரு உண்மை தெரியட்டும், மாப்ள. இந்தப் பத்திரிகையில பதினோரு வருசமா என் பேர்ல வந்த ஹோட்டல் விமர்சனம் எல்லாம் உன் நாக்கு. நீ தோல் மண்டிக்காரன், எழுத்துக்கும் உனக்கும் சம்பந்தம் இல்ல. ஆனா ஒரு வாய் வச்சிட்டு, கண்ணை மூடித் திறந்து, "பட்டை பழசு மாமா"ன்னு நீ சொன்னா, சமையக்கட்டுல விசாரிச்சா பழசாத்தான் இருக்கும். எனக்கு உறைப்பு தெரியும், உப்பு தெரியும், அம்புட்டுத்தான். நீ சொன்னதை நான் நாலு நல்ல வார்த்தை போட்டு எழுதுவேன். வியாழக்கிழமை மத்தியானம்னா உன் பைக்ல பின்னாடி நான். செம்பட்டி, நிலக்கோட்டை, கொடைரோடுன்னு எங்க புதுசாத் திறந்தாலும் நாம போயிருவோம்.

அப்புறம் உனக்குத் தொண்டையில அது வந்துச்சு. மதுரையில ஒன்றரை மாசம் கரண்ட் வச்சாங்க, அதான் அந்தக் கதிர்வீச்சு. திரும்பி வந்தப்ப ஆள் பாதியாயிருந்த. கேட்டதுக்கு, "பைக்குக்குப் பாரம் கொறஞ்சிருச்சு மாமா, பெட்ரோல் மிச்சம்"ன்ன. சிரிச்சேன். எல்லாம் சரியாப் போச்சுன்னு நீ சொன்னதை நம்பிட்டேன். நம்பினாத்தான எனக்கும் வியாழக்கிழமை கிடைக்கும்?

செம்பட்டி போற ரோட்டுல ஒரு புருசன் பொண்டாட்டி திறந்த ஹோட்டலுக்கு அந்த வருசம்தான் போனோம். அவர் கப்பல்ல சமையல் பாத்துட்டு வந்தவர். அந்தப் பொண்ணு சுகந்தி, சித்தையன்கோட்டைக்காரி, பரிமாறுறது அது. மொத்தமே எட்டு மேசை. போன் பண்ணிச் சொல்லிட்டுத்தான் போகணும். கப்பல்ல கத்துக்கிட்ட நேர்த்தியில நம்ம ஊர்ச் சாப்பாட்டை ஒவ்வொண்ணாக் கொண்டாந்து வச்சாங்க.

முதல்ல எலும்பு ரசம், கைக்குள்ள அடங்குற கிண்ணத்துல. நீ ஒரு வாய் வச்ச. கண்ணை மூடித் திறந்த. "இரும்பு அடிக்குது மாமா. சட்டியை நக்குன மாதிரி இருக்கு"ன்ன.

நானும் குடிச்சேன், காஜா. எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு. சும்மா இல்ல, இன்னொரு கிண்ணம் கேட்கலாமான்னு நாக்கு நமநமங்குது. ஆனா நீ சொல்லிட்டியே. என் நாக்குக்கு என்ன தெரியும்னு விட்டுட்டேன். சுட்ட கத்திரிக்காய் வந்துச்சு, அதுவும் இரும்புன்ன. கறி இரும்பு. கடைசியில சிறுமலைப் பழத்துல செஞ்ச ஐஸ்கிரீம், அதுவும் இரும்பு. ஐஸ்கிரீம்ல எப்படிடா இரும்பு வரும்னு கேட்டேன். "எல்லாத்துக்கும் ஒரே கரண்டி போட்டிருப்பாங்க"ன்ன. அதை நான் நோட்டுல எழுதிக்கிட்டேன், மடையன்.

எட்டு மேசையிலயும் ஒரே இரும்புன்னு தலைப்பு வச்சு எழுதுனேன். எழுதும்போது குஷியா வேற இருந்துச்சு, அதையும் மறைக்கல. வாட்ஸ்அப்ல ஊர் பூராம் சுத்துச்சு. சனங்க அதுக்கு இரும்புக் கடைன்னே பேர் வச்சுட்டாங்க. மழைக்காலம் முடியறதுக்குள்ள கடையைப் பூட்டிட்டாங்க. நாம அந்த வழியாப் போனப்ப நீ அந்தப் பக்கமே திரும்பல. வெயில் கண்ணைக் கூசுதுன்னு நினைச்சேன்.

உன் நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு வந்திருந்தேன். சாப்பாடு முடிஞ்சு, உன் வீட்டுக்காரி, தங்கச்சி ஜமீலாகிட்ட, "அவன் இருந்திருந்தா இந்நேரம் கறியில ஒரு குத்தம் கண்டுபிடிச்சிருப்பான்"னு சொன்னேன். அது சிரிக்கும்னு பாத்தா, முந்தானையால முகத்தைத் துடைச்சுக்கிட்டே சொல்லுச்சு.

"அவுகளுக்குக் கடைசி ஒரு வருசமா ருசியே தெரியாதுண்ணே. பச்சத் தண்ணி குடிச்சாலும் இரும்பா இருக்குன்னுவாக. உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னுட்டாக. தெரிஞ்சா மாமன் என்னைக் கூட்டிட்டுப் போகாது, அந்த வியாழக்கிழமை ஒரு நாள்தான் நான் சீக்காளியா இல்லாம இருக்கேன்னு சொன்னாக."

அடப்பாவி. என்னையும் உன்னையும் தவிர யாருடா இருந்தா அந்த பைக்ல? உனக்கு ருசி போனா எனக்கென்ன? சும்மா வந்து எதிர்ல உட்கார்ந்து மோர் குடிச்சுக்கிட்டு இருந்தாப் போதாதா? உன் நாக்குக்காகவா உன்னை வச்சுக்கிட்டேன்? எத்தனை ராத்திரி இதைக் கேட்டுட்டேன் தெரியுமா. கேட்டுக் கேட்டுக் கடைசியில ஒரு பயம் வந்துச்சு. ஒருவேளை நாக்குக்காகத்தான் வச்சிருக்கேன்னு நீ நினைக்கிற மாதிரி நான் நடந்துக்கிட்டனோ?

போன வாரம் அந்தப் புருசன் பொண்டாட்டியைத் தேடிப் போனேன். நிலக்கோட்டையில, பூ மார்க்கெட்டுக்குப் பக்கத்துல டிபன் கடை வச்சிருக்காங்க. மல்லி கொண்டு வர்ற வேன்காரங்கதான் வாடிக்கை. அவர் தோசைக்கல்லு முன்னால நின்னார். என்னைப் பாத்துட்டுத் தலையைக் குனிஞ்சு அடுத்த தோசையை ஊத்துனார். கூட்டம் குறையட்டும்னு ஓரமா நின்னு, சுகந்திகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். இன்ன மாதிரி என் சிநேகிதன் இறந்துட்டான், அவனுக்கு நாக்கு போயிருந்துச்சு, எனக்கு இப்பத்தான் தெரியும், உங்க ரசம் எனக்குப் பிடிச்சிருந்தும் மாத்தி எழுதிட்டேன்னு கும்பிட்டேன்.

அது கரண்டியைக் கீழ வச்சுச்சு. நீ இறந்துட்டன்னு கேட்டதும் கண்ணு கலங்கிருச்சு, மாப்ள. உன்னை ஒரே ஒரு மத்தியானம் பாத்த பொண்ணு.

"எனக்கு அன்னைக்கே தெரியும்ணே. அவுக ஒரு வாய்கூட முழுங்கல. கை துடைக்கிற பேப்பர்ல துப்பித் துப்பி மடிச்சு மடியில வச்சுக்கிட்டாக. தட்டெடுக்க வந்தப்பப் பாத்தேன். எங்கம்மாவுக்குக் கரண்ட் வச்சப்ப இப்படித்தான் செய்யும்."

அப்ப ஏன் சொல்லல, பத்திரிகைக்கு ஒரு வரி எழுதியிருந்தாக் கடை தப்பிச்சிருக்குமேன்னு கேட்டேன்.

"அவுக மறைக்கிறதை, நான் எப்படிண்ணே வெளிய சொல்லுவேன்?" அப்படின்னுட்டு என் முகத்தையே பாத்துச்சு. கோவமே இல்ல. நிசமாவே தெரிஞ்சுக்கணும்னு கேட்டுச்சு. "நீங்க எதுத்தாப்லதான உக்காந்திருந்தீக. உங்களுக்குத் தெரியலையா?"

நான் என்ன சொல்லட்டும், காஜா? தட்டைப் போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தேன்னு சொல்லவா? நீ எது சொன்னாலும் குனிஞ்சு நோட்டுல எழுதிக்கிட்டு இருந்தேன்னு சொல்லவா? அது ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, உட்காருங்க, ரெண்டு இட்லி சாப்பிட்டுப் போங்கன்னுச்சு. சாப்பிட்டேன். எப்படி இருக்குன்னு கேட்டுச்சு. பழக்கத்துல பக்கத்துல திரும்பிப் பாத்தேன். யாரோ ஒரு வேன்காரர் தோசை தின்னுக்கிட்டு இருந்தார்.

நல்லாருக்கும்மான்னு நானே சொன்னேன். சட்னிக்கு உப்பு கொஞ்சம் கம்மின்னும் சொன்னேன். அது ஒரு சொட்டு வாயில விட்டுப் பாத்துட்டு, ஆமான்னுச்சு.

நீ மறைச்சதை இப்படிப் பத்திரிகையில போட்டுட்டேன். ஜமீலாகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன். அந்தப் பொண்ணு அவுக பேருக்காக இவ்வளவு தாங்கியிருக்கு, எழுதுங்கண்ணேன்னு சொல்லுச்சு. ஆகவே இந்த ஊர் அறிய எழுதுறேன்: செம்பட்டி ரோட்டுல அன்னைக்கு நான் குடிச்ச எலும்பு ரசம் அருமையா இருந்துச்சு. நான் எழுதினது பொய். அதுக்குப் பொறுப்பு நான், காஜா இல்ல.

உனக்கு ஒரு வாக்கு தாரேன், மாப்ள. இனிமே யாரோட உட்கார்ந்து சாப்பிட்டாலும், தட்டைப் பாக்குறதுக்கு முன்னாடி அந்த ஆள் முகத்தைப் பாப்பேன். அவுக முழுங்குறாகளான்னு பாப்பேன். பாத்துட்டு, ஏன்னு கேட்பேன். உன்கிட்ட ஒரு தடவை கேட்டிருந்தா நீ சொல்லியிருப்ப, எனக்குத் தெரியும்.

எதுத்தாப்ல உக்காந்தும் உன்னைப் பாக்காமப் போன
உன் மாமன்,
செல்வராசு